கருப்பு வெள்ளையில் பதினொரு பிள்ளைகள்

எங்கள் பெரியப்பா கல்யாண வீடுகளில் பந்தி விசாரிப்பவர். பரிமாறப் போகிற பையன்களை வரிசையாக நிறுத்தி ஒன்று சொல்வார். “பரிமாறுறவன் கண்ணு இலைமேல இருக்கணும்டா, இன்னதுமேல இருக்கக்கூடாது” என்று. எதன்மேல் இருக்கக்கூடாது என்பார், அதுதான் மறந்துவிட்டது. பாயச வாளிமேலா, பக்கத்து வரிசைமேலா, என்னவோ. காலையிலிருந்து யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. போகட்டும். ஞாபகம் இருக்கிற பாதியை நான் ஒழுங்காகச் செய்தேன் சார். எந்த இலை காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பரிமாறினேன். எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா?

உட்காருங்கள், ஏன் நிற்கிறீர்கள்? அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. மிஷின் பாதி பேனரோடு நிற்கிறது, ஜாகிர் பாய் லைன்மேனுக்குப் போன் போட வெளியே போயிருக்கிறார். நான்தான் முதலில் வந்தேன் என்று நினைத்தேன், பாய் உங்களுடையதை முடித்துவிட்டுத்தான் என்னுடையது என்கிறார். பரவாயில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வேண்டும்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். இலவசமாக. அதோ, வாட்டர் டேங்குக்குப் பின்னால் வரிசையாகத் தெரிகிறதே, நகரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து போட்ட வாரியக் குடியிருப்பு, அங்கே. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு சமூகக்கூடம் இருக்கிறது. நான் வரும்வரை அதில் உடைந்த கேரம் போர்டும் நாயும்தான் இருந்தன. பெருக்கினேன், வெள்ளையடித்தேன், ஃபேன் போட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை சார். நானாகப் போனேன். லீட்ஸில் இருந்தேன், இங்கிலாந்தில். பாதி வயது அங்கேயே போய்விட்டது. மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான். சம்பாதித்தது போதும், இனி ஏதாவது நல்லதாகச் செய்வோம் என்று திரும்பிவந்தேன். அங்கே ஊர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைதான், ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வரிசை கடைசி வரிசை என்று பார்ப்பது இங்கே உள்ளவர்களின் பழக்கம்.

வயலின்கள் எல்லாம் அங்கே பள்ளிக்கூடங்களில் ஒதுக்கிவைத்தவை. சின்னப் பிள்ளைகளுக்கான சின்ன வயலின்கள். நண்பர்களிடம் கேட்டு வாங்கி, தந்தி மாற்றி, கப்பலில் கொண்டுவந்தேன். ஒரு பிள்ளையிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. பிஸ்கெட் உட்பட நான்தான். இலவசம் என்று சொன்னால் இங்கே யாருக்கும் மதிப்புத் தெரிவதில்லை, அதனால் வகுப்பு தொடங்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவேன். “இது உங்களுக்கு இலவசம். இதே வகுப்புக்கு அடையாறில் என்ன கேட்பார்கள் தெரியுமா?” என்று. பிள்ளைகள் கோரஸாக “தெரியும் சார்” என்பார்கள்.

பதினொரு பிள்ளைகள் நிலைத்தார்கள். அதில் ஒருத்தி வினோலியா. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அந்தப் பெயரில் வந்த சோப்பு அவள் அம்மாவுக்குப் பிடிக்குமாம். அந்தப் பெண்ணுக்குக் காது இருக்கிறது சார். நான் ஒரு தடவை வாசித்தால் போதும். அவள் வில்லை எடுத்தால் ரேஷன் கடை வரிசையில் சண்டை நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள், “சார், நீங்க வாசிக்கும்போது மூணாவது தந்தி கொஞ்சம் எறங்கிருக்குது” என்றாள். ஈரக்காற்று, அதனால் இறங்கியிருக்கும். சொல்லவருவது என்னவென்றால், அப்படிப்பட்ட பிள்ளை. இந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவள் தனியாக வாசிக்கவேண்டும். லீட்ஸிலிருந்து நண்பர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வயலின் கொடுத்தவர்கள் சார் அவர்கள்! அவள் வாசித்தால் அவளை மேலே படிக்கவைக்கத் தயார் என்று ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். அவள் இல்லாவிட்டால் நான் மேடையில் எதைக் காட்டுவது, கேரம் போர்டையா?

இப்போது கதைக்கு வருகிறேன். பேனர்.

இந்த ஊரில் பேனர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, நீங்களே பார்த்திருப்பீர்கள். காதுகுத்துக்குப் பேனர், புது ஆட்டோவுக்குப் பேனர். மாப்பிள்ளை காதில் போனை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பான். சுற்றிலும் மயில், சிங்கம், ரோஜாப்பூ, இருபது நண்பர்களின் தலை. கண்ணைக் குத்தும். என் பிள்ளைகளுக்கு அந்தக் கண்றாவி வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பா? சொல்லுங்கள்.

பெங்களூரிலிருந்து நிரஞ்சன் என்று என் நண்பனை வரவழைத்தேன், பெரிய புகைப்படக்காரன். பின்னால் கருப்புத் துணி கட்டினான். ஜன்னல் வெளிச்சம் மட்டும் ஒரு கன்னத்தில் விழுகிறமாதிரி ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்தான். “சிரிக்கவேண்டாம், நேராக லென்ஸைப் பாருங்கள்” என்றான். ஒரு வாண்டு, “இன்னாண்ணா, போலீஸ் ஸ்டேஷன் போட்டோவா?” என்று கேட்டது. எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அவற்றை அடக்கி உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் படங்கள் வந்தபோது பார்க்கவேண்டும் நீங்கள்! கருப்பு வெள்ளை. அந்தக் கண்கள். ஏழைப் பிள்ளைகள் என்றால் பல்லைக் காட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத்தானே எல்லோரும் எடுக்கிறார்கள்? இதில் ஒரு கம்பீரம் இருந்தது. இதுவரை யாரும் அந்தப் பிள்ளைகளை அப்படிப் பார்த்ததில்லை.

பேனரை நானே வடிவமைத்தேன். முழுக்கக் கருப்பு. பதினொரு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், அதற்குக் கீழே சின்னதாகப் பிறந்த வருஷம். இவ்வளவு சின்ன வயதா என்று பார்க்கிறவன் திகைக்கவேண்டும் இல்லையா? மேலே ஒரே ஒரு வரி, ‘மௌனத்துக்கு அப்பால்’. கீழே, ‘ஞாயிறு மாலை, சமூகக்கூடம், அனைவரும் வருக.’ இசை, வயலின் என்ற வார்த்தையையே போடவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன கலை?

இதே கடையில்தான் கொண்டுவந்து கொடுத்தேன். பாய் திரையில் திறந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கையை நீட்டி அணைத்தார். “எல்லாம் ஒரே ஏரியா பிள்ளைங்களா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பாய் என்னிடம் லாபமே வாங்கவில்லை சார். “ஷீட்டுக்கு மட்டும் குடுங்க, மத்தது வேணாம்” என்றார். வழக்கமாக மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் போடுவார்களே, அதையும் போடவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் அடித்து, அவரே ஆள் அனுப்பி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டிக்கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல கலை யாரையும் தொடும் என்று லீட்ஸில் எல்லோரும் சொல்வார்கள். இங்கே, ஒரு ஃப்ளெக்ஸ் கடையில், கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் குடியிருப்பே என் வீட்டு வாசலில் நிற்கிறது.

எதற்கு என்று கேளுங்கள். கருப்பு வெள்ளையில் முகம் போட்டு, கீழே வருஷம் போட்டால் அது செத்தவர்களுக்குப் போடுகிற பேனராம். கண்ணீர் அஞ்சலியாம்! உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு நான் அஞ்சலி பேனர் கட்டிவிட்டேனாம்! உலகத்தில் பாதிப் பெரிய புகைப்படங்கள் கருப்பு வெள்ளை. அதில் இருக்கிறவர்கள் எல்லாம் செத்தவர்களா? ஆமாம், பலர் செத்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஒரு விசை சார். கம்ப்யூட்டரில் ஒரு விசையை அழுத்தினால் கலர் போய்விடும், இன்னொன்றை அழுத்தினால் திரும்ப வந்துவிடும். அதில் என்ன சாவு இருக்கிறது?

வினோலியாவின் அம்மா எஸ்தர்தான் முன்னால் நின்றது. வாய் என்றால் வாய். “இன்னா சார் பண்ணி வச்சிக்கிற? தோற்றம்னு வருசத்த போட்டுட்ட. மறைவு எப்பன்னு போற வர்றவன்லாம் கேக்குறான். நான் இன்னா சொல்லட்டும்? நீயே ஒரு தேதி சொல்லிடேன்” என்கிறது. அது தோற்றம் இல்லை அம்மா, பிறந்த வருஷம் என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான சார்?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்கிறார். இவர்களிடம் எப்படிப் பேசுவது?

அந்த மனுஷன் விஷயம்தான் இவர்களுக்குப் பிடித்துக்கொள்ள வசதியாகப் போய்விட்டது. எஸ்தருடைய கணவர் மரியதாஸ். கன்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றுகிற வேலை, ராத்திரி ஷிஃப்ட். காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். நிறுத்தத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே பேனர் கண்ணில் பட்டிருக்கிறது. மேல் வரிசையில் இரண்டாவது முகம் வினோலியா. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டார். குதித்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் காலோடு எழுந்து வீட்டுப் பக்கம் ஓடப்பார்த்தாராம், விழுந்தாராம், தவழ்ந்தாராம். வினோலியா தண்ணீர் லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறாள். பெண்ணைப் பார்த்தும் நம்பவில்லையாம். முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம். இப்போது ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பது யார் தப்பு? ஒரு நிமிஷம் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கலாமே? அவருக்குப் படிக்கத் தெரியாதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா? பத்திரிகையிலேயே கருப்பு வெள்ளைப் படம் வருகிறது, அதைப் பார்த்தெல்லாம் குதிக்கிறாரா?

இதையெல்லாம் எஸ்தரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். ஆனால் அது அன்றைக்கு ஒன்று கேட்டது. எல்லோருக்கும் நடுவில், சத்தமே போடாமல். “சரி சார். படம் நல்லாருக்குதுன்ற. உன் பொண்ணு படத்தையும் அதே மாதிரி பண்ணி, எங்க பிள்ளைங்க நடுவுல வச்சிருக்கலாம்ல?” என்றது. அவள் இந்த வகுப்பில் இல்லையே அம்மா என்றேன். அதுதானே உண்மை? வகுப்பில் இல்லாத பெண்ணின் படத்தை எப்படிப் போடுவது? அதற்குப்போய் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதோ, என் பெண். போனைத் திறந்தாலே இவள்தான். போன கோடையில் கடற்கரையில் எடுத்தது. மஞ்சள் சட்டை. இந்த மஞ்சள் இவளுக்கு நன்றாக இருக்கும். சரி, அதை விடுங்கள்.

அப்புறம் பேனரை அவிழ்த்தார்கள். இங்கே பேனர் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் தலைவர் படமாக இருந்தாலும் சாயந்தரத்துக்குள் யாராவது ஸ்கூட்டருக்குப் போர்த்திவிடுவார்கள், இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே கட்டிவிடுவார்கள். நல்ல கனமான ஷீட் சார் அது. ஒருத்தர் தொடவில்லை. குச்சியால் தள்ளிக்கொண்டே கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். என் பேனரை! எரித்துவிட்டுப் பதினொரு பிள்ளைகளையும் தெருவில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பக்கம் பூசணிக்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் சுற்றுகிறார்கள். எஸ்தர் தரையில் மண்டியிட்டு ஜெபம் செய்கிறது. மூன்றாவது பிளாக் நூர்ஜஹான் தண்ணீரில் ஓதி ஊதிவந்து தெளிக்கிறது. குழாயடியில் ஒருநாளும் ஒத்துப்போகாதவர்கள். மூன்று மதமும் ஒன்றாகச் சேர்ந்தது, எனக்கு எதிராக.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், தண்ணீரில் ஆட்டம்போடுகின்றன. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்னைப் பார்த்துக் கையாட்டியது. அதன் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டது.

அன்று சாயந்தரம் கூடத்தைத் திறக்கப் போனால், வாசலில் வயலின்கள். பதினொன்றும். பெட்டிகளைத் துடைத்து, பெரியது பின்னால் சின்னது முன்னால் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு கீறல் இல்லை. சொல்லப்போனால் நான் கொடுத்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தன. ஒரு பெட்டியின் பிடி அறுந்திருந்தது, அதைச் செருப்புத் தைக்கிற நூலால் தைத்திருந்தார்கள். இதுதான் எனக்கு ஆத்திரம் சார்! உடைத்துப் போட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும். இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கத் தெரிகிறவர்களுக்கு, ஒரு படத்தைப் பார்க்கத் தெரியாதா?

நேற்று வினோலியா வந்தாள். தனியாக. உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றாள். “சார், கலர்ல போட்டா அம்மா அனுப்பும். நான் கேட்டுட்டேன். எல்லாரும் அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க” என்றாள். அப்புறம் செருப்பால் தரையைக் கீறிக்கொண்டே, “நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவ ஒருவாட்டி பாத்தா நல்லாருக்கும்” என்றாள். படமும் அனுப்பியிருக்கிறாளாம் என் போனுக்கு. இதோ பாருங்கள், இதைத்தான் போடவேண்டுமாம். இது ஒரு படமா? வகுப்பு முடிந்து யாரோ அவள் போனில் எடுத்தது. பாதி மங்கல். ஒன்று வில்லை மூக்குக்குக் கீழே மீசைமாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் வில்லால் கத்திச்சண்டை போடுகிறார்கள், எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஓரத்தில் நான் நிற்கிறேன், வாயைத் திறந்துகொண்டு, யாரையோ திட்டுகிறமாதிரி. இந்த மூலையில் பாருங்கள், எடுத்தவரின் விரல். இளஞ்சிவப்பாக, பூசணி விதைமாதிரி. இதைப் போய் நிரஞ்சனின் படங்களுக்குப் பதிலாகவா?

முடியாது என்று சொல்லிவிட்டேன். “கலை என்பது ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்குகிற ஓட்டல் சாப்பாடு இல்லை வினோலியா. இதை உன் அம்மாவுக்குப் புரியவைக்கவேண்டியது நீ. இதற்காகத்தான் உனக்கு இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தேன், இலவசமாக” என்றேன். “சரி சார்” என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். “மூணாவது தந்திய மட்டும் பாத்துக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன திமிர், பார்த்தீர்களா?

அதனால்தான் வந்திருக்கிறேன். அதே பேனர். அதே கருப்பு வெள்ளை. அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. இந்தத் தடவை ரேஷன் கடைக்கு நேர் எதிரே கட்டப்போகிறேன், தினமும் பார்க்கட்டும். பார்த்துப் பார்த்துப் பழகட்டும். நான் இன்று இறங்கிப்போனால் இவர்கள் வாழ்நாள் முழுக்க நிறத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் வருவார்களா என்கிறீர்களா? வருவார்கள். வினோலியா வருவாள். வயலின் இல்லாமல் அவளால் இருக்கமுடியாது. வராவிட்டால் நஷ்டம் எனக்கா? பாயும் இன்று சரியில்லை. அன்றைக்கு லாபமே வேண்டாம் என்றவர், இன்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உக்காருங்க சார், மொதல்ல அண்ணனோடது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். இந்த ஊரில் கேட்கிற ஆளே கிடையாது. ஒரு வார்த்தை சொல்வதற்குள் எதிர்வார்த்தை வரும். நீங்கள் சவரம் செய்யாமல், செருப்பு இல்லாமல் வந்தபோதே நினைத்தேன், மாலை போட்டிருக்கிறீர்களா? கழுத்தில் காணோமே. டீயும் வேண்டாம் என்றீர்கள். ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டேன். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே தவிர, இருக்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

உறையில் என்ன, போட்டோவா? வீட்டில் விசேஷமா? ஓரம் தெரிகிறது, பெண்பிள்ளை போலிருக்கிறதே. பிறந்தநாளா, இல்லை பெரியவளாகிவிட்டாளா? நல்லது, நல்லது. உங்களைப்போய் நான் மயில் வைக்காதே என்று சொல்லப்போவதில்லை. வையுங்கள். தாராளமாக வையுங்கள். பாய் ரோஜாப்பூவெல்லாம் நன்றாகப் போடுவார்.

ஆ! ஞாபகம் வந்துவிட்டது. வீடியோக்காரன்! “பரிமாறுறவன் கண்ணு இலைமேல இருக்கணும்டா, வீடியோக்காரன்மேல இருக்கக்கூடாது.” அதுதான். அப்போதுதான் கல்யாணங்களில் வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வெளிச்சம் வந்தால் போதும், எல்லாப் பையன்களும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள், ரசம் இலைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பா முதுகில் ஒன்று வைப்பார். எனக்கும் வைத்திருக்கிறார். ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. இதற்கும் அதற்கும் ஒன்றுமில்லை.

வந்துவிட்டது கரண்ட். பாய், வந்துவிட்டது! உங்கள் முறை சார், போங்கள். நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், ஆட்சேபம் இல்லையே? எனக்கு இந்த வேலை கொஞ்சம் தெரியும், எழுத்துப் பெரிதாக வேண்டுமானால் சொல்கிறேன்.

அடடே, என்ன அழகான பெண்! கையில் கப்பா, ஓட்டப்பந்தயமா? ரிப்பன் என்ன சிவப்பு பாருங்கள். எடுத்தவர் யாரோ நன்றாகச் சிரிக்கவைத்திருக்கிறார். ஒரு பல் இன்னும் முளைக்கவில்லை போலிருக்கிறது. பாய், இந்தப் படத்துக்குப் பின்னணி நீலம் வையுங்கள், ரிப்பன் எடுப்பாகத் தெரியும்.

என்ன பாய்? எதற்கு இப்படி மெதுவாகப் பேசுகிறீர்கள்? அவரிடம் என்ன கேட்கிறீர்கள்?

நேற்றுத் தேதியா? எதற்கு நேற்றுத் தேதி?

சார்.

நீங்கள் சொல்லியிருக்கலாம். நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நான் டீ வேண்டுமா என்று, மயில் வையுங்கள் என்று... ஒரு வார்த்தை.

அக்கா மகளா. தாய்மாமனா நீங்கள்.

காய்ச்சலா.

கப் வேண்டாமா பாய்? அதை வெட்டவேண்டுமா? சரி, முகம் மட்டும் போதும் என்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியும். வெட்டுங்கள்.

பாய், இருங்கள். அந்தக் கையை எடுங்கள் மவுஸிலிருந்து. ஒரு நிமிஷம். அவர் பார்க்கட்டும். அவசரம் இல்லை, எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும்.

பார்த்துக்கொள்ளுங்கள் சார்.

சரி பாய். அவர் தலையாட்டிவிட்டார்.

ரிப்பனில் சிவப்பு போய்விட்டது.

இதில் உட்காருங்கள் சார். இது ஆடாது. தண்ணீராவது குடியுங்கள். பாய், உள்ளே அம்மாவிடம் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள்.

என்னுடையதா? இல்லை பாய். அந்த ஃபைலைத் திறக்கவேண்டாம். மூடுங்கள், அதை மூடிவிடுங்கள் முதலில். வேறு படம் ஒன்று இருக்கிறது, இப்போதே உங்கள் நம்பருக்கு அனுப்புகிறேன். வந்ததா? தெரியும், தெளிவாக இல்லை. பெரிதாக்கினால் இன்னும் மங்கும், அதுவும் தெரியும். வருஷமெல்லாம் வேண்டாம், பெயர் மட்டும். ‘வயலின் நிகழ்ச்சி’ என்று பெரிதாக, தூரத்திலிருந்து தெரிகிறமாதிரி ஒரு வயலின் படமும் வையுங்கள். மரியதாஸுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சின்னதாக ஒன்று தனியாக அடித்துக்கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு இப்படியே போகிறேன். அந்த மூலையில் இருப்பது விரல் பாய். வெட்டவேண்டாம். கலரில் போடுங்கள்.